விளக்கும் வரைபும்

புளோரன்ஸ் நைற்றிங்கேல் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் மாணவர்களின் மனக்கண்ணில் தோன்றுவது ஒரு விளக்கு. இருண்ட வைத்தியசாலைக் கூடத்தில், நோயுற்ற போர்வீரரின் படுக்கைகளுக்கிடையே, கையில் விளக்கேந்தி நடந்துவரும் பெண்ணுருவம் அது. சிறுவயதில் பாடப்புத்தகத்திலே நானும் அந்தப் படத்தைத்தான் கண்டேன். ஆசிரியனான பின் பல ஆண்டுகள் அதையே கற்பித்தும் வந்தேன். அந்த விளக்கு அவர் கையில் இருந்த காலம் இரண்டாண்டுக்கும் குறைவு. எண்களும் அட்டவணைகளும் இருந்த காலமோ ஏறத்தாழ நாற்பதாண்டு என்பதை நான் அறிந்தது நடுவயதிலேதான். அறியச் செய்தது என்னுடைய பிழை ஒன்று. அதனை முதலிற் சொல்லிவிட்டு அம்மையாரின் வரலாற்றுக்கு வருகிறேன்.

உடப்புசல்லாவைப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றில் நான் கணித ஆசிரியனாக இருந்தேன். ஒரு வருடம் பாடசாலைக் கண்காட்சிக்காக வரவுப் பதிவேட்டை எடுத்து, பிள்ளைகள் வராத நாட்களைக் காரணவாரியாகப் பிரித்து, பெரியதொரு வட்ட வரைபு வரைந்தேன். நோய், வீட்டு வேலை, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளல், பயணம் என நான்கு கூறுகள், நான்கு நிறங்கள். நோய்க்குரிய கூறே பெரிதாயிருந்தது. வந்தோர் அனைவரும் படம் அழகென்று பாராட்டிச் சென்றனர்.

மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையுடன் வந்த ஒரு தாய், அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றாள். பிறகு என்னை மாஸ்டர் என்று விளித்து, இந்த நோய் எந்த மாதத்தில் வந்தது, எந்த லயத்துப் பிள்ளைகளுக்கு வந்தது என்று கேட்டாள். என் வட்டத்தில் அதற்கு விடை இல்லை. பதிவேட்டில் நாளும் பெயரும் இருந்தன. பன்னிரண்டு மாதங்களையும் ஒரே வட்டத்துள் திரட்டியபோது அவற்றை மறைத்தவன் நானே. வரைபு வரையத் தெரிந்த எனக்கு, எந்த வரைபை எப்போது வரைவது என்பது தெரிந்திருக்கவில்லை.

சில காலத்தின் பின் நுவரெலியா நூலகத்தில் நைற்றிங்கேல் அம்மையாரின் வாழ்க்கை வரலாறொன்றைப் புரட்டுகையில், மடித்து வைத்த தாளில் ஒரு பூவைப் போன்ற படத்தைக் கண்டேன். மாதத்துக்கு ஓர் இதழாகப் பன்னிரண்டு இதழ்கள் மையத்தைச் சூழ்ந்து நின்றன. அந்தத் தாயின் கேள்வி அப்போது மீண்டும் என் செவியில் ஒலித்தது. அன்று தொடங்கியதே இந்த அம்மையாரைப் பற்றிய என் தேட்டம்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரிற் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்கு இடப்பட்டது. தந்தையார் வில்லியம் எட்வேர்ட் நைற்றிங்கேல் செல்வந்தர், கல்விமான். மகளிர்க்கு உயர்கல்வி மறுக்கப்பட்ட அக்காலத்தில் தம் இரு புதல்வியருக்கும் மொழிகளையும் வரலாற்றையும் தத்துவத்தையும் தாமே கற்பித்தார். இளையவரான புளோரன்ஸுக்கோ கணிதத்தின்மேல் தனி வேட்கை. பெற்றோரின் தயக்கத்தைக் கடந்து அதனையும் பயின்றார்.

பதினேழாவது வயதை எட்டுமுன்பே, இறைவன் தம்மை ஒரு பணிக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். அப்பணி நோயாளரைப் பேணுவதே எனத் தெளிந்தபோது குடும்பத்தார் திடுக்கிட்டனர். உயர்குடிப் பெண்ணொருத்தி வைத்தியசாலைக்குப் பணிக்குச் செல்வது அந்நாளில் இழிவாகக் கருதப்பட்டது. ஆண்டுகள் பல போராடிய பின், 1851இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த் என்னுமிடத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853இல் இலண்டனில் நோயுற்ற பெண்களுக்கான சிறு நிலையமொன்றின் பொறுப்பை ஏற்றார்.

அடுத்த ஆண்டு பிரித்தானியா கிறிமியா யுத்தத்தில் இறங்கியது. துருக்கியின் ஸ்குட்டாரியில் பிரித்தானியப் படைவீரர் கவனிப்பாரின்றி மடியும் செய்தி பத்திரிகைகளில் வெளிவந்து நாட்டை உலுக்கியது. அப்போதைய யுத்தத் துறைச் செயலாளரும் அம்மையாரின் நண்பருமான சிட்னி ஹேர்பேர்ட் அவரை அங்கு செல்லுமாறு வேண்டினார். முப்பத்தெட்டுத் தாதியருடன் புறப்பட்ட அம்மையார், 1854 நவம்பர் தொடக்கத்தில் ஸ்குட்டாரியை அடைந்தார். உணவு, உடை, சலவை, படுக்கை யாவற்றையும் ஒழுங்குசெய்தார். இரவிலே விளக்குடன் வலம்வந்தார். இவையெல்லாம் நாம் அறிந்த கதை.

அறியாத பகுதி இனிமேல்தான் வருகிறது. அவர் வந்த பின்னும் மரணம் குறையவில்லை, பெருகியது. 1855 ஜனவரியில் கிழக்கிலிருந்த பிரித்தானியப் படையின் பலம் 32,393. அம்மாதத்தில் மட்டும் தொற்றுநோய் வகைகளால் மாண்டவர் 2,761. காயங்களால் மாண்டவர் 83. பிற காரணங்களால் 324. அதே வேகம் ஓராண்டு நீடித்திருந்தால், நோய் ஒன்றே அந்தப் படை முழுவதையும் விழுங்கியிருக்கும். ஸ்குட்டாரி வைத்தியசாலை அடைபட்ட சாக்கடைகளின்மேல் நின்றது, கூடங்களிலோ நெரிசல். 1855 மார்ச்சில் வைத்தியர் சதர்லன்ட், பொறியியலாளர் றோலின்சன் ஆகியோரைக் கொண்ட சுகாதார ஆணைக்குழு வந்து, சாக்கடைகளைக் கழுவி, குப்பையை அகற்றி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசி, காற்றோட்டத்துக்கு வழி செய்தது. அதன் பின்னர் மரணம் வேகமாகக் குறைந்தது.

1856இல் நாடு திரும்பிய அம்மையாரை மக்கள் தெய்வமாகப் போற்றினர். அவர் புகழை விரும்பவில்லை. விக்டோரியா மகாராணியைச் சந்தித்து, படையினரின் சுகாதாரம் பற்றி விசாரிக்க ஓர் அரச ஆணைக்குழுவை வேண்டினார். 1857இல் அது அமைந்தது. பிறப்பு இறப்புப் பதிவுத் திணைக்களத்தில் தலைசிறந்த புள்ளிவிபரவியலாளராக விளங்கிய வில்லியம் ஃபாருடன் அமர்ந்து மரணப் பதிவுகளை ஆராய்ந்தார். போரில் இறந்தோர் பெரும்பாலும் பசியாலும் பராமரிப்பின்மையாலும் இறந்தனர் என்றே முன்னர் அவர் நம்பியிருந்தார். எண்கள் வேறொன்றைக் கூறின. தம் கண்முன்னே இறந்தவர்களுள் பலரைக் கொன்றது அந்த வைத்தியசாலையின் அசுத்தமும் நெரிசலுமே. அவ்வுண்மை அவரது நெஞ்சை எத்துணை வருத்தியிருக்கும் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் சிலர் எண்ணிப் பார்த்துள்ளனர். அதே காலத்தில் அவரது உடல்நலமும் சீர்கெட்டது. அதன்பின் நெடுங்காலம் அவரது பணியிடம் பெரும்பாலும் படுக்கையறையே.

உண்மை கிடைத்துவிட்டது, அதை உணரவைப்பது எவ்வாறு? புள்ளிவிபரம் அலங்காரமின்றி வறண்டிருத்தலே நன்று என்பது ஃபாரின் கொள்கை. மந்திரிமாரும் பிரபுக்களும் வறண்ட அட்டவணையைப் புரட்டாமலே மூடிவிடுவர் என்பதை அம்மையார் அறிந்திருந்தார். ஆதலின் எண்களைக் கண்ணுக்குப் புலனாகும் உருவில் வைக்கத் துணிந்தார்.

வரைபு அப்போது இளங்கலை. ஸ்கொட்லாந்தினரான வில்லியம் பிளேபெயர் 1786இல் வெளியிட்ட நூலிலேதான் நாடுகளின் வணிகம் ஆண்டுதோறும் ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டு வரைபுகள் தோன்றின. அதே நூலில் ஸ்கொட்லாந்தின் வணிகத்துக்கு ஓராண்டுக் கணக்கே அவர் கையிற் கிட்டியது. ஓராண்டைக் கொண்டு கோடு இழுப்பது எங்ஙனம்? நாட்டுக்கு நாடு ஒப்பிட்டுச் சலாகைகளாக வரைந்தார். சலாகை வரைபு அவ்வாறு ஒரு தட்டுப்பாட்டிற் பிறந்தது. 1801இல் வட்ட வரைபையும் அவரே தந்தார். காலப்போக்கைக் காட்டக் கோடு, பொருளுக்குப் பொருள் ஒப்பிடச் சலாகை, முழுமையின் கூறுகளைக் காட்ட வட்டம் என நாம் வகுப்பில் ஒப்புவிக்கும் மூன்றும் இப்படி வந்தவையே.

நைற்றிங்கேல் அம்மையாரின் திறமை இம்மூன்றுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்தாமையில் விளங்குகிறது. அவர் முன் இரு கேள்விகள் இருந்தன. முதலாவது, போரே இல்லாத காலத்தில், சொந்த நாட்டுப் பாசறையில் வாழும் வீரன், அதே வயதுடைய சாதாரணக் குடிமகனிலும் அதிகமாக இறக்கிறானா என்பது. இதற்குக் காலம் வேண்டியதில்லை, ஒப்பீடு வேண்டும். ஆகவே சலாகைகளைத் தேர்ந்தார். வயதுக்கு ஒரு சோடி. கறுப்பு குடிமகனுக்கு, சிவப்பு வீரனுக்கு. இருபது முதல் இருபத்தைந்து வயதுக்குள் ஆயிரத்துக்கு ஆண்டொன்றில் இறந்த குடிமக்கள் 8.4; வீரர் 17.0. முப்பத்தைந்து முதல் நாற்பது வரை 11.6; 19.3. வைத்தியர் சோதித்துத் தேர்ந்தெடுத்த திடகாத்திரர்களே படையிற் சேர்க்கப்பட்டனர். அவர்களைக் குறிக்கும் சிவப்புச் சலாகை ஒவ்வொரு வயதிலும் கறுப்பைத் தாண்டி நீண்டு கிடந்தது. எழுத்தறியாதவனும் அதை வாசிக்கலாம்.

இரண்டாவது கேள்வி, யுத்தகாலத்தில் எப்போது, எதனால் இறந்தனர் என்பது. இதற்கு மாதமும் வேண்டும், காரணமும் வேண்டும். மாதங்களை ஒரு வட்டத்தைச் சுற்றி அமைத்து, மையத்திலிருந்து ஒவ்வொரு மாதத் திசையிலும் மரண வீதத்தின் அளவுக்குக் கோடு இழுத்து, முனைகளை இணைத்து நிறந்தீட்டினார். உருவம் வௌவாலின் சிறகை ஒத்திருந்தது. இங்கேதான் அவர் இடறினார். கோட்டின் நீளம் சரியாயிருந்தது. பார்ப்பவர் கண்ணோ நீளத்தை அளக்கவில்லை, நிறந்தீட்டிய பரப்பை அளந்தது. நம் வீட்டு ரொட்டியை நினைத்துப் பாருங்கள். அதே தடிப்பில் ரொட்டியின் அகலத்தை இரட்டித்தால் மாவு இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. அதுபோல மரணம் இரட்டித்த இடத்தில் படம் நான்கு மடங்கு எனக் கூறிற்று. தம் கட்சிக்கு வலுவூட்டும் மிகைதானே என்று அவர் அதை விட்டுவைத்திருக்கலாம். விடவில்லை. மாதந்தோறும் தனித்தனி ஆப்பு வடிவ இதழாக்கி, இதழின் பரப்பே மரண வீதத்துக்கு ஒப்பாகும்படி திருத்தி வரைந்தார். 1858இல் வெளிவந்த அப்படமே பின்னர் ரோசாப்பூ வரைபு எனப் பெயர் பெற்றது.

அதில் இரு பூக்கள் உள. வலப்புறம் பெரியது: 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரை. இடப்புறம் சிறியது: 1855 ஏப்ரல் முதல் 1856 மார்ச் வரை. இரண்டையும் ஒரு புள்ளிக்கோடு இணைக்கிறது. ஆணைக்குழு வந்து பணியாற்றியது அந்த எல்லையில். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த மரணம் நீலம், காயங்களால் நேர்ந்தது சிவப்பு, ஏனையது கறுப்பு. யுத்தமென்றால் குண்டும் வாளுமே கொல்லும் என்று எண்ணிய மந்திரி, நீலக் கடலில் சிவப்பு சிறு துளியாகக் கிடப்பதைக் கண்டார்.

மாதங்களை வட்டமாக அமைத்ததன் நுட்பத்தை நான் பல தடவை பார்த்த பின்னரே உணர்ந்தேன். இரு பூக்களிலும் ஒரே மாதம் ஒரே திசையில் நிற்கிறது. பனிக்காலம் கழிந்து கோடை வந்ததால் மரணம் குறைந்தது என்று எவரேனும் வாதிட்டால், ஜனவரியை ஜனவரியோடு வைத்துப் பார்க்கலாம். 1855 ஜனவரியில் நோயால் இறந்தவர் 2,761. 1856 ஜனவரியில், படை 44,212ஆகப் பெருகியிருந்தும், 42 பேர். முற்றுகை முடிந்ததும் உணவும் உடையும் சீரானதும் இவ்வீழ்ச்சிக்கு எவ்வளவு காரணம் என அறிஞர் இன்றும் ஆராய்கின்றனர். பருவம் ஒன்றே காரணமென இனி எவரும் கூறமுடியாது.

அப்படத்திலும் குறை உண்டு. மூன்று நிறங்களும் மையத்திலிருந்தே அளக்கப்பட்டவை. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியவை எனப் பலர் மயங்குவர். அன்றியும், பரப்பை மதிப்பிடுவதிலும் நீளத்தை மதிப்பிடுவதிலேயே நம் கண் வல்லது. 1984இல் அமெரிக்க அறிஞர் கிளீவ்லன்ட், மக்கில் இருவரும் இதனைச் சோதனைகள் மூலம் காட்டினர். இன்று அதே எண்களைச் சலாகையாக வரைந்து, அதுவே தெளிவு என்பாரும் உளர். அவர்கள் கூற்றில் உண்மையுண்டு. எனினும் சலாகையில் 1855 ஜனவரியின் காய மரணம், நோய் மரணத்தின் முப்பத்துமூன்றில் ஒரு பங்கு உயரமே பெறும். கண்ணுக்கு அரிதாகவே தட்டுப்படும். பரப்பில் அதன் ஆரம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காதலால் இரண்டையும் ஒருங்கே காணமுடிகிறது. ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றை இழக்கவேண்டும். எதை இழக்கிறோம் என்று அறிந்து இழப்பதே வரைபவரின் கடன்.

அந்த 1858ஆம் ஆண்டிலேயே இலண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராக ஏற்றது. 1860இல் புனித தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிக் கல்லூரி எழுந்தது. அவ்வாண்டே இலண்டனிற் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர மாநாட்டில், வைத்தியசாலைகள் யாவும் ஒரே மாதிரிப் படிவத்தில் கணக்கெடுக்க வேண்டும் என்ற அவரது திட்டம் முன்வைக்கப்பட்டது.

அவர் கவனம் நம் பக்கமும் திரும்பியது. இந்தியாவில் நிலைகொண்ட பிரித்தானியப் படையின் சுகாதாரம் பற்றிய ஆணைக்குழுவுக்காகப் படைநிலையந்தோறும் வினாப் படிவங்களை அனுப்பி விபரம் திரட்டினார். ஆயிரத்துக்கு 69ஆக இருந்த படையினரின் மரண வீதம் 1873 அளவில் 18ஆகக் குறைந்ததென அவரே கணக்குக் காட்டினார். இந்தியாவுக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. 1863இல் குடியேற்ற நாடுகளின் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் சுதேசிகள் இறக்கும் வீதம் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். அதற்கு விபரம் வழங்கிய நாடுகளுள் நம் இலங்கையும் ஒன்று. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது, நீர்ப்பாசனத்தையும் உழவரின் கடன்சுமையையும் பற்றி உணர்ச்சியோடு எழுதினார். அந்தப் பஞ்சத்துக்குத் தப்பிக் கடல் கடந்து, இம்மலைகளின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்களுள் எம் முன்னோர் எத்தனையோ பேர்.

1907இல் அரசின் உயர்ந்த விருதான ஓடர் ஒஃப் மெரிட் அவருக்கு வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற முதற் பெண் அவரே. 1910 ஆகஸ்ட் 13ஆம் திகதி, தொண்ணூறாவது வயதில், இலண்டனில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யும் மரியாதையைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயர் கிராமமொன்றின் தேவாலய முற்றத்தில், குடும்பக் கல்லறையில் உறங்குகிறார். அவருக்கென அங்கு பொறிக்கப்பட்டவை பெயரின் இரு முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த காலங்களுமே.

நிற்க. என் வட்ட வரைபின் கதையை முடிக்கவேண்டும். நூலகத்திலிருந்து திரும்பிய வாரத்தில் பழைய பதிவேட்டை மீண்டும் எடுத்தேன். நோயால் வராத நாட்களை மாதவாரியாகச் சலாகைகளாக வரைந்தேன். பின்னர் லயம் லயமாகப் பிரித்தேன். எங்கள் பக்கத்தில் வடகீழ்ப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் சலாகைகள் உயர்ந்து நின்றன. அவற்றிலும் பெரும்பங்கு ஒரே பீலியில் தண்ணீர் எடுத்த இரண்டு லயங்களின் பிள்ளைகளுடையது. அந்தத் தாய் வசித்ததும் அவற்றுள் ஒன்றிலே. ஏற்கனவே தான் அறிந்திருந்ததை, அல்லது அஞ்சியதை, என் படத்தில் அவள் தேடியிருக்கிறாள்.

படத்தைப் பெற்றோர் கூட்டத்தில் மாட்டினேன். நான் அதிகம் பேசவேண்டியிருக்கவில்லை. அடுத்த ஞாயிறன்று லயத்து ஆண்களும் பெண்களும் சிரமதானமாகக் கூடி, பீலிக்கு மேலுள்ள ஊற்றைச் சுற்றி வேலியடைத்து, மழைநீர் கலவாதபடி கான் வெட்டினர். மறுவருடம் அந்த மாதங்களின் சலாகைகள் குறுகியிருந்தன. வேலியே காரணம் என்று அடித்துக்கூற நான் துணியேன். அவ்வருடம் மழையும் குறைவு. ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிட்ட அம்மையாரிடமே இந்தத் தயக்கத்தையும் கற்றேன்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரைபு வகைகளை மாணவருக்குக் கற்பிக்கும்போது, எப்படி வரைவது என்பதோடு நின்றுவிடாதீர்கள். யாருடைய எந்தக் கேள்விக்கு இது விடை என்று அவர்கள் முதலிற் கேட்கட்டும். எவ்வளவு பங்கு என்பது கேள்வியாயின் வட்டம் போதும். எது பெரிது என்பதற்குச் சலாகை. எப்படி மாறியது என்பதற்குக் கோடு. பருவந்தோறும் திரும்பி வருவதைக் காட்ட, அம்மையாரைப் போல் மாதங்களைச் சுற்றி வைக்கலாம். எனது பழைய வட்ட வரைபை நான் எறியவில்லை; புதிய மாணவர்களுக்கு அதையே முதலிற் காட்டி, இதில் என்ன இல்லை என்று கேட்பது வழக்கம். விடை சொல்ல அவர்களுக்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்தத் தாய்க்கு அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை.